மூன்று மணித் தட்டு

நவம்பர் கடைசியில் ட்ரோம்ஸோவில் சூரியன் விடுப்பில் போனதும்
எங்கள் பூனைக்கு
இரவு எது என்ற கணக்கு போயிற்று.
மூன்று மணி மட்டும் தவறாது.
கூடத்து நடுவில் நின்று
கூட்டத்தில் ஆளைத் தொலைத்தவள் போல் ஒரு கத்தல்.

படுக்கும் முன் விளையாட்டு, பத்து மணிக்கு மீன்,
கதவடைப்பு, என் காதில் பஞ்சு.
எழுந்து போகாதே, போனால் பழகிவிடும் என்றார்கள்.
போகாமலும் பழகிவிட்டது.

மருத்துவர் சுன்னிவா
அதன் தலைக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தாள்.
"செவிடு. தான் கத்துவது
அதற்கே தெரியாது."

அன்றிரவு கீழ்வீட்டு ஹால்வார்ட்,
மீன் ஆலையில் வேலை முடித்து அப்போதுதான் படுத்தவர்,
துடைப்பக்கட்டையால் தன் கூரையை இடித்தார்.
டொக். டொக் டொக்.
எங்கள் மரத்தரை அதிர்ந்தது.
பூனை தன் பாதங்களைக் குனிந்து பார்த்தது.
அங்கேயே சுருண்டது,
பதில் வந்துவிட்ட மாதிரி.

நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை.
தினமும் திட்டுகிறார். தினமும் தூங்குகிறோம்.

இந்த வாரம் அவர் பெர்கனில், மகள் வீட்டில்.
மணி மூன்று.
குப்புறக் கிடந்து கரண்டியால் தரையைத் தட்டுகிறேன்.
பூனை கரண்டியைப் பார்க்கிறது,
என்னைப் பார்க்கிறது.
இதில் கோபமே இல்லையே என்று
மறுபடி தொடங்குகிறது.