எண்ணுதல்

வினிபெக்கில் பெப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
காரின் மூக்கிலிருந்து தொங்கும் வயரை
கம்பத்தில் செருகிவிட்டு
கர்லிங் அரங்கின் மாடிக்கு ஏறினேன்.
கீழே பனித்தரையில் கருங்கல் வழுக்கிப்போய்
இன்னொரு கல்லை இடிக்கும் சத்தம்.
மேலே பதினொரு பேர், பதினொரு மெத்தை.
எட்டுச் செவ்வாய்க்கிழமைகள். நூற்றிருபது டொலர்.
பாதியை வேலையிடம் தரும்;
ரசீதைத் தொலைக்கக் கூடாது.

“காசு குடுத்தோ சும்மா இருக்கப் பழகுறீர்?”
என்று கேட்டார் வீட்டில்.
பல் வைத்தியர் சொன்னதை அவருக்குச் சொல்லவில்லை:
தூக்கத்தில் கடித்துக் கடித்தே
கடைவாய்ப்பல் இரண்டு வெடித்திருக்கிறது.

மார்லீன் மணியைத் தட்டினாள்.
மூச்சை எண்ணுங்கள், பத்து வரை;
வேறெதையும் நினைக்க வேண்டாம் என்றாள்.
அதை மனதுக்குள் தமிழாக்கிப் பார்த்தேன்:
எண்ணு. எண்ணாதே.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிக்காரி
என்னதான் செய்வாள்?
மூன்றுவரை போனேன்.
நான்காவது மெத்தையில் ஓர் எண்ணம்
சப்பாத்தோடு ஏறி உட்கார்ந்துகொண்டது.

எனக்கு எண்ணத் தெரியாமல் இல்லை.
பதினான்கு வருடமாக அதுதான் பிழைப்பு.
ஒன்பது ஒன்று ஒன்று. சொல்லுங்கள், என்ன அவசரம்?
நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வையுங்கள்.
பலமாக. இன்னும் வேகமாக. என்னோடு சேர்ந்து:
ஒன்று இரண்டு மூன்று நான்கு
ஒன்று இரண்டு மூன்று நான்கு
ஆம்புலன்ஸ்காரர் கதவைத் தட்டும்வரை.
பிறகு இணைப்பு அறுந்துவிடும்.
பிழைத்தாரா என்று எனக்கு யாரும் சொல்வதில்லை.
அடுத்த விளக்கு மின்னும்.
ஊரார் மூச்சையெல்லாம் எண்ணிய எனக்கு
சொந்த மூச்சு
பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் மாதிரி.
தெரியும். தெரியாது.

இரண்டாம் வாரம் ஆளுக்கொரு முந்திரிகை வற்றல்.
ஐந்து நிமிடம் மென்றோம்.
புளித்தது, பிறகு இனித்தது,
பிறகு பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது.
மூன்றாம் வாரம் ரொடெல் குறட்டை விட்டார்;
இரட்டை வேலை செய்கிற மனிதர்.
யாரும் எழுப்பவில்லை.
அன்று அந்த அறையிலேயே நன்றாகத் தியானித்தவர்
அவர்தான் என்று நினைக்கிறேன்.
நான்காம் வாரம் பனிப்புயல், வகுப்பில்லை.
வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு
பேசினின் ஓரத்தைப் பிடித்தபடி எண்ணினேன்.
ஐந்து. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று.
தோற்பதில்லையாம், திரும்பி வருவதுதானாம் பயிற்சி.
பெரிய வார்த்தை.
ஆனாலும் அன்றிரவு
தாடை தானாகத் திறந்து கிடந்ததை
விடியலில் நாக்கு கண்டுபிடித்தது.

பிறகொரு வியாழன், அதிகாலை மூன்று நாற்பது.
ஒரு பையன், ஒன்பது வயது.
அம்மா குளிர்சாதனப் பெட்டியருகே விழுந்து கிடக்கிறாள்.
எண்ணினோம், அவனும் நானும்.
அவன் குரல் உடைந்த இடத்தில்
நான் மூச்சை இழுப்பது எனக்கே கேட்டது,
பதினான்கு வருடத்தில் முதல்முறையாக.
அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.
அவனும் இழுத்தான்.
விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்: மூன்று.

கதவு தட்டப்பட்டது. இணைப்பு அறுந்தது.
அழைப்புக்குப் பின் ஒரு நிமிடம்
விதிப்படி எனக்கு உண்டு.
அந்தப் பொத்தானை அதுவரை தொட்டதில்லை.
தொட்டேன்.
கையிரண்டும் மடியில். கழுத்தில் நாடி
தகரத்தில் விழும் ஆலங்கட்டி போல.
அடங்கவில்லை;
அடங்கத்தான் வேண்டுமென்று நான் கேட்கவும் இல்லை.
அறுபது நொடி. அவ்வளவுதான்.
பிறகு விளக்கை எடுத்தேன்.

நேற்று எட்டாவது செவ்வாய்.
ரொடெல் ஒரு தட்டு நூடுல்ஸ் கொண்டுவந்திருந்தார்.
மார்லீன் கடைசியாக மணியைத் தட்டினாள்.
நான்கில் அந்தப் பையன் வந்தான்.
உட்கார் என்றேன். உட்கார்ந்தான்.
ஐந்து.
கீழே ஒரு கல் வழுக்கத் தொடங்கியது.
இடிக்கப்போகிறது என்று காது கூர்ந்தது.
இடிக்கவில்லை.
எங்கோ தானாகவே நின்றிருக்கும்.
ஆறு.