ஐந்தாம் படி

நாற்பது வருடம் கோட்கா துறைமுகத்தில்
கிரேன் ஓட்டினேன்.
பெட்டி தரையை விட்டு எழும் முன்பே
கம்பி முனகும் முனகலில்
எடை சொல்லிவிடுவேன்:
இருபத்திரண்டு டன், காகிதக் கட்டு.
பதினெட்டு, ஈர மரம்.
ஒரே ஒருமுறை தப்பியது,
அது வேறு கதை.

என் எடை மட்டும்
டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.
நூற்றுப் பதினொன்று.
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்:
வலது முழங்காலில்
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே
ஒரு தபால்தலை நுழைய இடமில்லை.
“ஒரு கிலோ இறக்குங்கள், தவுனோ.
ஒவ்வோர் அடிக்கும் முழங்காலுக்கு
நாலு கிலோ மிச்சம்.”
ஏற்றி இறக்குவதுதானே என் தொழில்
என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

நடந்து பார்த்தேன்.
பனி உறைந்த நடைபாதையில்
ஆணி பதித்த காலணியோடு
மீன்கடை வரைக்கும்.
திரும்பி வருகையில்
வலி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது.
அடுத்த இரண்டு நாள் சோபா.
கிடந்தால் மூட்டு துருப்பிடிக்கிறது,
எழுந்தால் அரைபடுகிறது.
துருவா, தூளா என்று
ஜனவரி முழுக்க யோசித்தேன்.
யோசிக்கும்போதெல்லாம் சாப்பிட்டேன்.

பிறகுதான் நகராட்சி நீச்சல் குளம்.
செவ்வாய், வெள்ளி, காலை ஏழு மணி.
இடுப்பில் நீல நுரைப்பட்டை கட்டிக்கொண்டு
ஆழமான பக்கத்தில்
பாதம் எதிலும் படாமல் ஓட வேண்டும்.
பன்னிரண்டு பெண்கள், நான்.
முதல் நாளே லெம்பி என்னை முந்தினாள்.
எண்பத்து மூன்று வயது,
இரண்டு இடுப்பிலும் உலோகம்.
முந்தும்போதுகூடப் பேச்சை நிறுத்தவில்லை;
மீனை வினிகரில் எத்தனை நாள்
ஊறப்போட வேண்டுமென்று
இர்யாவுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.
இரண்டாம் சுற்றிலும் முந்தினாள்.
மீன் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.

தண்ணீருக்குள் எனக்கு எடையில்லை.
இதை எப்படிச் சொல்ல.
கொக்கியிலிருந்து பெட்டி கழன்றதும்
கிரேன் முழுக்க ஒரு குலுக்கல் ஓடும்;
உச்சிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவன்
முதுகுத்தண்டால் அதை அறிவான்.
அதுதான். அந்தக் குலுக்கல்.
என் இருபது வயதுக் கால்களை
யாரோ அடியில் பத்திரமாக
எடுத்துவைத்திருந்த மாதிரி.

ஓடி முடித்ததும் காப்பி.
ஏலக்காய் மணக்கும் பன் ஒன்றை
லெம்பி இரண்டாகப் பிய்ப்பாள்.
முடிச்சு விழுந்த விரல்கள்,
பிய்க்க நேரமாகும்,
யாரும் கை நீட்டுவதில்லை.
பெரிய பாதி அவளுக்கு.
“உன் முழங்காலுக்காகத்தான்” என்பாள்
வாய் நிறைய.

ஏப்ரலில் தராசு நூற்று ஆறு என்றது.
மே மாதம் நூற்று எட்டு.
மே தினத்து டோனட்டின் சர்க்கரை
மீசையில் ஒட்டியிருக்க ஏறி நின்றேன்,
வேறென்ன காட்டும்?
வலி போய்விடவில்லை.
உள்ளேதான் குடியிருக்கிறது,
இப்போதெல்லாம்
கதவைத் தட்டிவிட்டு வருகிறது, அவ்வளவுதான்.

இன்னும் பழகாதது ஒன்றுதான்.
ஏணி.
நாற்பது மீட்டர் இரும்பேணியில்
காற்றில், உறைபனியில்,
உதட்டில் சிகரெட்டோடு ஏறியவன் நான்.
குளத்து ஏணிக்கு ஐந்தே படி.
முதல் படியில் தோள் வெளியே வரும்,
தோளின் பாரமும் வரும்.
இரண்டில் வயிறு,
அது தனி லோடு.
மூன்றில் இடுப்பு.
நாலாவதில்
முழங்கால் நீரைக் கிழித்து வரும் நொடி,
எனக்குள் கம்பி முனகுகிறது.
கேட்டதும் சொல்லிவிடுகிறேன்:
நூற்று ஐந்து. கொஞ்சம் கூட இருக்கலாம்.

கீழே லெம்பி,
கழுத்தளவு தண்ணீரில்:
“என்னப்பா துறைமுகம்,
சரக்கு அந்தரத்திலேயே தொங்குது?”

கைப்பிடியை இறுக்குகிறேன்.
நல்ல கால் முதலில்.