ஒரு முழப் பனி

மணி மூன்றே முக்கால்.
டீசல் இறுகும் குளிர்.
பனிவண்டி இரண்டாம் உசுப்பலில்தான் கிளம்புகிறது.
வால்ட்ரைன் தூங்குகிறது:
எண்ணூற்றுச் சொச்சம் பேர்,
இரண்டு மொழியில் குறட்டை.

நான் இங்கெனுயின் ப்ளாங்கர்.
அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ப்ளாங்கேரி.
ஒரு கோடையில் குமாஸ்தா ஒருவர் வந்து
ஊருக்கும் ஆளுக்கும் வால் ஒட்டிப் போனாராம்.
கொஞ்ச காலம் வாலோடு நடந்தார்கள்.
கல்லறைத் தோட்டத்தில் என் விளக்கு திரும்பும்போது
க்ரெஷென்ஸ் அத்தையின் கல் மட்டும் மின்னும்.
சுரண்டி எழுதி, மறுபடி சுரண்டி எழுதி,
ஒரு விரற்கடை மெலிந்துபோன கல்.

ட்ஷோல் வீட்டைத் தாண்டும்போது பிளேடைச் சற்றே உயர்த்துவேன்,
அங்கே பாதை பழுது.
முப்பத்தொன்பதில் அந்த வீட்டுக்கும் ஒரு தாள் வந்தது:
போ, அல்லது இரு,
ஆண்டு முடிவதற்குள் சொல்.
விகிலியுஸ் போனான். தம்பி இருந்தான்.
பசுவை யாரும் கேட்கவில்லை.
அது பத்து நாள் வடக்கே பார்த்துக் கத்தியதென்பார்கள்.
கொட்டிலின் கதவே வடக்கில்தான் இருக்கிறது.

அடுத்து, சுங்கச்சாவடி.
இப்போது தோல் பெல்ட்டும் காலணியும்,
முப்பது சதவீதம் தள்ளுபடி.
பழைய தடுப்புக் கம்பத்தில் கோட்டுகள் தொங்குகின்றன.
அங்கே காவலுக்குத் தெற்கிலிருந்து ஆள் அனுப்பினார்கள்,
எலுமிச்சை காய்க்கும் கரையிலிருந்து.
கொசிமோ.
முதல் பனியைத் தொப்பியைக் கழற்றி
அதில் ஏந்திப் பார்த்தானாம்.
நாட்புர்கா பாற்கட்டிக்குள் சாக்கரின் கடத்தினாள்.
அவன் கத்தியால் குத்தவில்லை, மோந்தான்.
"நல்ல இனிப்பான பசு" என்றான். விட்டுவிட்டான்.
மூன்று மாதம் இப்படி.
நான்காம் மாதம்
மேலதிகாரி பக்கத்தில் நின்ற ஒரு காலையில்
குத்தினான்.
அவளுக்கு ஆறு வாரம் சிறை.
விடுதியில் பயணிகளுக்கு இதைக்
காதல் கதையாகச் சொல்கிறார்கள், பரிசாரகன் மெழுகுவர்த்தி ஏற்றிவைக்கிறான்.
நாட்புர்காவோ சாகும்வரை
அவன் பெயர் வரவேண்டிய இடத்தில்
"அந்தக் கத்தி" என்றாள்.

மேலே, கணவாயில்,
கல் இருநூற்றுப் பதினேழு.
என் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது: கல்வரை.
அந்தப் பக்க ஒப்பந்தத்திலும்: கல்வரை.
கல்லின் அகலத்தை ஒருவரும் எழுதவில்லை.
ஆகவே சாலைக்குக் குறுக்கே ஒரு முழப் பனி
எவர் கணக்கிலும் சேராமல் கிடக்கும்.
பதினோரு குளிர்காலம்
லியோன்டீன் அங்கிருந்து வருவாள், நான் இங்கிருந்து.
பிளேடைத் தூக்குவோம்,
விளக்கை ஒருமுறை இமைப்போம்,
பின்வாங்குவோம்.
பேச்சென்று ஒன்றே ஒன்றுதான்:
சக்கரச் சங்கிலி அறுந்த அன்று
"பதிமூன்று ஸ்பானர் இருக்கா?"
இருந்தது.
விடிந்ததும் கார்கள் அந்த முழத்தில் துள்ளும்.
பின்னிருக்கைப் பிள்ளைகள்
"நாடு மாறிருச்சு!" என்று கத்துவது
கண்ணாடி ஏற்றியிருந்தாலும் கேட்கும்.

இன்று மேலே போனால்
முழம் இல்லை.
வழித்தெடுத்த தார், கறுப்பாய்,
கல்லைத் தாண்டி என் பக்கமும் இரண்டடி.
சக்கரத் தடம் அகலமாக இருந்தது:
புது வண்டியா, புது ஆளா,
இல்லை, அவளுக்கே சலித்துவிட்டதா.
விளக்கை இமைத்தேன்.
எதிரே இருட்டு இருட்டாகவே இருந்தது.

பதிவேட்டில் "குறிப்பு" என்றொரு கட்டம் உண்டு.
பேனா உறைந்திருந்தது, ஊதினேன்.
எழுத ஒன்றும் வரவில்லை.
பிறகு வண்டியைத் திருப்பி,
ஓரத்துக் குவியலில் கொஞ்சம் அள்ளி வந்து
கல்லுக்கு நேராக, சாலைக்குக் குறுக்கே,
ஒரு முழம் கொட்டினேன்.
பிளேடின் முதுகால்
லேசாகத் தட்டியும் விட்டேன்.