கியோஹிதேயின் கார் கொட்டகை

இரண்டு பெட்டி ரயிலிலிருந்து என்னோடு இறங்கியது
வெங்காயத்தாள் கட்டு ஒன்று,
அதைச் சுமந்துவந்த பெண்மணியும்.
சீட்டு வாங்க ஆளில்லை.
மரப்பெட்டி ஒன்று வாயைத் திறந்து வைத்திருந்தது.
போட்டுவிட்டு நடந்தேன்
ஒரு பேரரசின் தலைநகருக்குள்.

சைக்கிள் கடையில் தந்த வரைபடத்தில்
எல்லாமே பெரிசு.
பெருவாயில். பெருவீதி. பேரவை மண்டபம்.
பெருவீதியில் எதிரே வந்தது
ஒரு டிராக்டர்,
அதன் பின்னால் பொறுமையாக ஒரு கொக்கு.
வரப்போரம் இறங்கி
இருவருக்கும் வழிவிட்டேன்.

பதினாறு ஆண்டுகள்தாம்.
சுவர்ப்பூச்சின் வாசனை போவதற்குள்
அரசவைக்கு வேறு மண் பிடித்துப்போயிற்று.
ஓடுகளைக் கழற்றினார்கள்.
உத்தரங்களை ஆற்றில் மிதக்கவிட்டார்கள்.
தூண்களைக் கடைவாய்ப் பல்போல
அசைத்து அசைத்துப் பிடுங்கிப்போனார்கள்.
குழிகளை ஏற்றிப்போகத்தான்
எந்த மாட்டுவண்டியாலும் முடியவில்லை.

வாயில் இருந்த இடத்தில் இப்போது
முழங்கால் உயரத்துக்குச் சிவப்பு முளைகள்.
தூண் நின்ற இடமென்று காட்ட
நட்டுவைத்தவை. பெயின்ட் புதிது.
பள்ளிவிட்டு வந்த பையன்கள் ஆறேழு பேர்
ஒரு முளையை இரண்டாம் பேஸ் ஆக்கியிருந்தார்கள்.
ஓடிவந்தவன் அவுட்டா இல்லையா என்று
பெரிய சண்டை.
வடக்கே நிற்கும் குன்றுக்குக்
காதில்லா மலை என்று பெயராம்.
அது தலையிடவில்லை.

கியோஹிதே கார் துடைத்துக்கொண்டிருந்தார்.
வீடுவீடாக எரிவாயு உருளை போடுபவர்,
தோளில் அதற்கான தழும்பு.
தண்ணீர் கேட்டேன், தேநீருக்கு உட்காரச் சொன்னார்.
எங்கள் இருவருக்கும் நடுவே கைபேசி
தனக்குத் தெரிந்ததை மொழிபெயர்த்தது.
தலைநகர் என்று அவர் சொன்னதெல்லாம்
மூலதனம் என்று வந்து விழுந்தது.
முன்பு இங்கே பெரிய மூலதனம் இருந்தது.
பிறகு மூலதனம் வடக்கே போய்விட்டது.
தவறென்று தோன்றாததால்
நான் திருத்தவில்லை.

காருக்கு ஒரு கொட்டகை போட
முற்றத்தில் இரண்டடி தோண்டினாராம்.
இந்த ஊரில் மண்வெட்டி எடுத்தால்
அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும்.
வந்தார்கள்.
நீலத் தார்ப்பாய், கரண்டி, பல்துலக்கும் பிரஷ்.
கார் பதினான்கு மாதம் மழையில் நின்றது.

என்ன கிடைத்தது என்றேன்.
பொன்னா, வாளா, முத்திரையா.
அவர் சிரித்த சிரிப்பில்
கைபேசிக்கு வேலை இல்லை.
கழிப்பறை.
யாரோ ஓர் எழுத்தர்,
கணக்குச் சரிபார்த்துவிட்டு வந்து குந்திய இடம்.
முலாம்பழ விதைகள்.
வேகாத மீன் தின்றவன் வயிற்றுப் பூச்சியின் முட்டைகள்.
துடைத்துப் போட்ட மரச்சில்லில் பாதி எழுத்து,
வரி பாக்கி என்பதுபோல ஏதோ.

பக்கத்தில் ஒரு தூண்குழி.
குழிகூட இல்லை,
மண்ணில் ஒரு வட்டம், சற்றே கருப்பு.
அதிகாரி மண்டியிட்டு
அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம்,
உள்ளே யாரோ கூப்பிட்டதுபோல.
அளந்தார்கள், படமெடுத்தார்கள்,
பிறகு மணலிட்டு மூடி
இனிக் கட்டிக்கொள்ளலாம் என்று வணங்கிப் போனார்கள்.
இப்போது அதன்மேல் சிமென்ட்.
சிமென்ட்டின்மேல் டயர்.
இரவில் காரை நிறுத்தும்போது
கொஞ்சம் மெதுவாக நிறுத்துகிறேன் என்றார்,
எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை.

நாலு பன்னிரண்டுக்கு ரயில்.
எழுந்தபோது ஷிகெயோ கிண்ணங்களை எடுத்தாள்.
என் கிண்ணம் இருந்த இடத்தில்
மேசையில் ஒரு வட்டம்.
துணியோடு வந்த மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்
கியோஹிதே ரொம்ப கவலையாகக் கேட்டார்:
அலுவலகத்துக்குச் சொல்லியாயிற்றா?

கையை உதறிவிட்டு
அவள் ஒரே இழுப்பில் துடைத்தாள்.

சைக்கிள் கடை பூட்டியிருந்தது.
சாவியைத் தபால்பெட்டிக்குள் போடச் சொல்லி
ஒரு துண்டுச்சீட்டு, அதில் ஒரு கொக்குப் படம்.