பதினாலில் பதினொன்று

மாங்குளம் சந்தியில் குகராசாவின் டயர் கடைக்குப் பின்னால்
மழை தகரத்தில் றம்ஸ் அடிக்கிறது,
தவயோகனைவிடத் தாளம் தப்பாமல்.
நாங்கள் நாலு பேர், ஒரு மடிக்கணினி, ஒரு நுளம்புத்திரி.

"பதினைஞ்சு வருசமாச்சு, ஒரு தொகுப்பு விடுவம்"
என்கிறான் யூட்சன்.
அட்டையில் 'சிறந்தவை' என்று போடலாமாம்.
மொத்தமே பதினாலு பாட்டு.
பதினொன்றைத் தெரிந்தெடுத்தால்
மிச்சம் மூன்றும் என்ன பாவம் செய்தன
என்று கேட்கிறான் தவயோகன்.
மூன்றும் அவன் எழுதினவை.

நான் பேஸ் கிற்றார்.
நிறுத்தினால்தான் இவ்வளவு நேரமும் வாசித்தது தெரியும்.
என் வாக்கைக் கடைசியில் கேட்பார்கள், அல்லது கேட்கமாட்டார்கள்.

விற்றதையே திரும்ப விற்கிறது,
பழைய வெங்காயத்துக்குப் புதுச்சாக்கு
என்றேன்.
றெஜினா சிரித்தாள்: "முதல் தரம் எங்கயடா வித்தது?"
உண்மை.
முந்நூறு இறுவட்டு அடித்தோம்.
மிஞ்சிய நூற்றெழுபதையும் யூட்சனின் அம்மா
கச்சான் தோட்டத்தில் கயிறுகட்டித் தொங்கவிட்டிருக்கிறா,
மயில் வராதாம்.
கிட்ட வந்து, தலை சரித்து, முழுதாய் யோசித்து
விலகிப்போன விமர்சகர்கள்
அந்த மயில்கள் மட்டும்தான்.

திரும்பிப் பார்க்கிறதென்றால்
பின்னால் ஏதாவது கிடக்க வேணும்.
பான்டுக்குக் கிடக்கிறது.
கனகராயன்குளத்தில் ஒரு சாமத்தியவீடு,
ஜெனரேற்றர் நின்ற பிறகும் றெஜினா விடாமல் பாடிய மூன்று நிமிடம்,
நடுவில் ஒரு நாய், எங்கோ சட்டி விழுகிற சத்தம்,
எல்லாம் திகதி போட்டுக் கோப்புக்குள்.

எனக்கோ
பதினாறு வயதுக்கு முந்தின படம் ஒன்றுகூட இல்லை.
அண்ணாவின் குரல் எந்த நாடாவிலும் இல்லை.
பெட்டியை எங்கே தாட்டது என்று கேட்டால்
அம்மா இரண்டு இடம் சொல்லுவா.
இரண்டிலும் இப்போது ஆரோ வீடு கட்டிவிட்டார்கள்.
இப்படிக் கிடக்க, நாலு பொடியள் குரைத்த நாயையும் சேர்த்து
பத்திரமாய் வைத்திருக்கிறோம்.
எனக்கு வெட்கமாயிருந்தது.
இதை அவர்களிடம் சொல்லவில்லை.
"வெங்காயம்" என்றுமட்டும் திரும்பச் சொன்னேன்.

முன்பக்கம் ரியூப் ஒட்ட வந்த மல்லாவி ஆட்டோக்காரர்
மழைக்கு உள்ளே ஒதுங்கினார்.
கணினியில் அப்போது ஓடியது
தள்ளிவைத்த மூன்றில் ஒன்று.
அவர் வாய்க்குள் கூடவே பாடினார்.
'வெளிச்சம் வந்த பின்னும் விளக்கை அணைக்காதே'
என்பது தவயோகனின் வரி.
அவர் பாடியது
'வெளிச்சம் வந்த பின்னும் கிழக்கை நம்பாதே.'

ஒருவரும் திருத்தவில்லை.
"உது பழைய பாட்டு என்ன? பஸ்ஸில போடுறவங்கள்.
ஆர் பாடினதெண்டு தெரியாது" என்றார்.
எங்களுக்கும் தெரியாது என்பதுபோல
தவயோகன் தலையை ஆட்டினான்.
அவன் காது சிவந்திருந்தது.

ரியூப்புக்கு முந்நூறு கொடுத்துவிட்டு
அவர் மழையோடேயே போய்விட்டார்.
தொகுப்புக்குத் தகுதி இருக்கிறதா என்ற கதை
அதோடு நின்றுபோனது, முடியவில்லை.
யூட்சன் பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறான்.
பன்னிரண்டு என்று மாற்றியிருக்கிறான் போல.

என்னைக் கேட்டால்,
கேட்கமாட்டார்கள்,
அந்தப் பாட்டை அவர் பாடின பிழையோடு போடவேணும்.
ரியூப்பில் காற்றுப் போகிற சத்தமும் இருக்கட்டும்.