மூழ்கும் தேதி

பாந்தியன் சாலையில் மழைக்கு ஒதுங்கியது
மியூசியத்தில். டிக்கெட் வாங்கித்தான்.
சாப்பாட்டு இடைவேளையில் இன்னும் இருபது நிமிடம் பாக்கி.
நாணயக் கூடத்துக் காவலர்
பிளாஸ்டிக் நாற்காலியில் அசந்திருந்தார்.

நகைக்கடன் கம்பெனியில் நான் மதிப்பீட்டாளர்.
உரைகல், ஒரு சொட்டு அமிலம்.
பதினாறு வருஷமாக, வருகிற தங்கத்தையெல்லாம்
சந்தேகப்படச் சம்பளம்.
அதனால் முதலில் கண்ணில் பட்டது வெட்டுதான்.
ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் கன்னத்தில்
காதிலிருந்து மூக்குவரை உளிக்கீறல்.
உள்ளே செம்பா என்று பார்த்திருக்கிறான்
ஏதோ துறைமுகத்தில் எவனோ,
எனக்கு முன்னால் இந்த சீட்டில் இருந்தவன்.
ராஜா முகமாச்சே என்று
கை நடுங்கியிருக்காது.

காசுக்கு அடியில் கண்ணாடி வைத்திருந்தார்கள்.
குனிந்தால் மறுபுறம் தெரிகிறது:
நகக்கண் அளவில் ஒரு பெண்.
ஒரு கையில் மலராத மொட்டு.
மறு கையில், உடுத்தியதன் ஓரத்தைக் கொத்தாக
கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து
எங்கேயோ கிளம்பிவிட்டாள்.
(எது வலம் எது இடம், கண்ணாடி சொல்லாது.)
'ஸ்பெஸ், நம்பிக்கைத் தெய்வம்' என்றது அட்டை.
எனக்கென்னவோ
தெருவில் தண்ணீரைக் கண்டவள் மாதிரி இருந்தாள்.

உளி அவள் பக்கம் வரவில்லை என்று நினைத்தேன்.
மறுபடி குனிந்தேன்.
வந்திருக்கிறது. அவள் முழங்காலருகே
அந்த வெட்டின் அழுத்தம்
லேசாகப் புடைத்திருந்தது.

கெங்கு ரெட்டி சுரங்கப்பாதையை மூடிவிட்டார்கள்.
சுற்றிக்கொண்டு வந்தேன். ஆபீஸ் படிவரை தண்ணீர்.
மேனேஜர் ஏலப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார்.
சகாயமேரி, புளியந்தோப்பு, சங்கிலி பதினோரு கிராம்:
ஐந்து மணிக்குள் வட்டி வராவிட்டால்
மூழ்கிவிடும்.
எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வது,
வெயில் காலத்திலும்.

நாலே முக்காலுக்கு
முட்டியளவு தண்ணீரில் ஒருத்தி வந்தாள்.
ஒரு கையில் அள்ளிப் பிடித்த கொசுவம்.
தலைக்கு மேல் உயர்ந்த மறு கையில்
பால் கவரில் சுற்றிய ரசீது.
செருப்பில் ஒன்று போயிருந்தது.

"கம்ப்யூட்டரை மூடிட்டீங்களா?"
வாசலிலிருந்தே கேட்டாள்.

ஈர நோட்டுகளை ஒவ்வொன்றாக
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பழக்கம்.
வட்டிக்குச் சரியாக இருந்தது, அசலுக்கு இல்லை.
அடுத்த தேதி மார்ச் பத்து, எழுதிக் கொடுத்தேன்.

ரசீதைக் கவருக்குள் போட்டவள்
போகாமல் நின்றாள்.
"நல்லா இருக்கா அது?"
ஆஸ்பத்திரியில் விட்ட பிள்ளையைக் கேட்பதுபோல்.

இருக்கு என்றேன்.
லாக்கரில், கொக்கிக்குப் பக்கத்தில்
நான் போட்ட கீறலோடு.