சில்லறைக்குப் பதிலாக

கத்தரிக்கோல் என் கையில்.
பட்டையைக் குறுக்கே வெட்டினால்
ஒரு பாதியில் மருந்தின் பெயர் தங்கும்,
மறுபாதியில் தேதி.
எத்திராஜுக்கு எப்போதும்
பெயரில்லாத பாதிதான் வாய்க்கும்.

தண்டையார்பேட்டை, டோல்கேட் பக்கம் எங்கள் கடை.
கன்டெய்னர் லாரியை முன்னால் நிறுத்த முடியாது.
இன்ஜினை அணைக்காமல்
இறங்கி ஓடி வருவார்.
சீட்டு இரண்டு வருடப் பழசு,
மடித்த இடமெல்லாம் நூலாகியிருக்கும்.
"அதே பத்து."
கொடுத்தேன்.
கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.
அப்போது வரிசையில் எட்டுப் பேர்,
கல்லாவிலிருந்து முதலாளியின் கண்.

மீதி மூன்று ரூபாய். சில்லறை இல்லை.
மூன்று மிட்டாய் எடுத்து வைத்தேன்.
"சுகர்காரனுக்கு எதுக்கும்மா இது" என்று
ஒற்றை விரலால் தள்ளிவிட்டுப் போனார்.

மீதி நான் பார்த்ததல்ல,
கிளீனர் பையன் ஜான்பாஷா சொன்னது.

ஜீரோ கேட் லைன் அன்று
காசிமேட்டைத் தாண்டி வால் நீண்டிருந்தது.
ஆறு மணிக்கு மாத்திரை,
அரை மணியில் இட்லி.
இது அவர் கணக்கு.
இட்லிக் கடை அந்தப் பக்கம், நடுவில் தடுப்புச் சுவர்.
இறங்கினால் அந்த நேரம் பார்த்து லைன் நகரும்,
பின்னால் இருப்பவன் முந்துவான்.
ஏழு. எட்டரை. பத்து.
மாத்திரைக்கு ஜீரோ கேட் தெரியாது.
சொன்ன நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிடும்.
சாப்பாடு வந்ததா என்று
திரும்பிப் பார்க்கிற பழக்கம் அதற்கில்லை.

முதலில் கை.
ஸ்டியரிங்தான் நடுங்குகிறது என்று நினைத்தாராம்.
பிறகு வேர்வை,
தை மாதக் கடற்காற்றில் சட்டை தொப்பல்.
ஜான்பாஷாவை வேறு யார் பேரோ சொல்லிக் கூப்பிட்டார்.
முன்னால் இடம் விழுந்தும் வண்டி நகரவில்லை.
ஆரன். ஆரன். ஆரன்.

போலீஸ்காரர் படியில் ஏறினார்.
"காலங்காத்தாலயே ஊத்திக்கினியா? ஊது."
ஊதினார்.
பூஜ்யம்.
"நல்லா ஊதுய்யா."
பூஜ்யம்.
அந்தக் கருவிக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும்.

அவர் முதுகுக்குப் பின்னால்
சீல் வைத்த இருபதடிப் பெட்டி.
உள்ளே இருபத்தைந்து டன் வெள்ளைச் சர்க்கரை,
எந்த ஊர்க் காபிக்கோ.

சைக்கிளில் டீ விற்கும் தேவசகாயம்தான்
எட்டிப் பார்த்துச் சொன்னது:
"சார், இவரு என்கிட்ட தினம்
சக்கர இல்லாத டீ கேக்கறவரு.
இது தண்ணி இல்ல சார், சுகரு."

நாலு ஸ்பூன் போட்டு ஆற்றி நீட்டினால்
பல்லைக் கடித்துக்கொண்டார் எத்திராஜ்.
"சக்கர வேணாம். டாக்டரு திட்டும்."
பையன் பேர் மறந்த மூளைக்குப்
பத்தியம் மட்டும் மறக்கவில்லை.
"குடிய்யா," என்று கெஞ்சினார் போலீஸ்காரர்,
"குடிச்சா கேஸ் இல்ல, குடி."

ஸ்டான்லியில் ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டார்கள்.
ஏறின சர்க்கரை நடுராத்திரியில் மறுபடி விழுந்தது.
"மாத்திரை இன்னும் உள்ளதான் இருக்கு.
கிட்னி மந்தமாயிடுச்சு, சீக்கிரம் வெளிய விடாது.
இந்தச் சீட்டு எழுதினப்ப
உன் கிட்னி வேறய்யா" என்றாராம் டாக்டர்.

ஒன்பதாம் நாள் வந்தார்.
முதல் தடவையாக இன்ஜின் சத்தம் இல்லை.
புதுச் சீட்டு, வேறு மருந்து.
பட்டையை வெட்டாமல் முழுசாகக் கொடுத்தேன்.
பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்,
கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோல.
மிட்டாய் நாலு எடுத்து வைத்தேன்,
சில்லறை இருந்தும்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்:
"இது எத்தனை வேளை?"

சிரித்தோம், முதலாளிகூட.

இரவு ஷட்டரை இறக்குமுன்
டிராயரைத் திறந்து பார்த்தேன்.
வெட்டி மீந்த பாதிகள்,
ரப்பர் போட்டுக் கட்டினவை,
எல்லாவற்றிலும் பெயர் இருக்கிறது.
பெயரில்லாதவை
இந்த ரோட்டில்தான் எங்கோ,
யார் யார் சட்டைப் பையிலோ,
லைனில்.